பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்றார்கள்.
சரி.
இந்தப் பானையில் கரண்டி விட முடியாது.
விட்டால் கரண்டி ஆவி;
உலையும் அந்தக் கணமே அவிந்துபோகும்.

எஃகு வளையத்துக்குள், காந்தத்தின் பிடியில்,
சுவரைத் தொடாமல் சுற்றுகிறது பிளாஸ்மா.
மகரக்குறுக்கம் அளவுதான் ஆயுள்:
கால் மாத்திரை.

அதனால் ஒளியை அனுப்புகிறேன்.
பச்சை லேசர், ஒரே துடிப்பு.
பத்து லட்சம் கோடியில் ஒன்று
எலெக்ட்ரானில் இடறித் தெறித்து
என் லென்ஸுக்கு வரும்.
மற்றதெல்லாம் எதிர்ச்சுவரின் கறுப்புப் பொறிக்குள்
நல்ல பிள்ளைகளாய்ப் போய்ச் சாகும்.
எனக்கு வேண்டியவை இடறியவை.

எதிரே ஓடிவந்த எலெக்ட்ரானைத் தொட்டது
கொஞ்சம் நீலமாய்,
விலகி ஓடியதைத் தொட்டது
கொஞ்சம் சிவந்து.
பச்சை எவ்வளவு அகலமாய்க் கலைந்ததோ
அவ்வளவு சூடு.
எத்தனை வந்தனவோ அவ்வளவு நெரிசல்.
சுங்கச் சாவடியில் உட்கார்ந்து
வருகிறவர்களின் சட்டைச் சாயத்தை எண்ணும் வேலை.
சம்பளம் தருகிறார்கள்.

சஸ்கடூன். ஜனவரி. செவ்வாய்க்கிழமை.
வெளியே மைனஸ் முப்பத்தேழு.
உள்ளே, 4417ஆவது ஷாட்டில்,
முப்பத்தொரு லட்சம் டிகிரி.
இருபத்திரண்டைத் தாண்டியறியாத கிழட்டு இயந்திரம்!
ஃப்ரீசன் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.
ஆட்டவாவுக்கு மின்னஞ்சல் போனது.
டோனட் பெட்டி வந்தது.
இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக
என் பெயரைச் சரியாகச் சொன்னார்:
செந்தூரி.

எனக்குத்தான் டோனட் இறங்கவில்லை.
ஐந்து வடிகட்டிகளில் கடைசி,
நீலத்தின் ஓரத்தில் இருப்பது,
அது மட்டும் வாயாடியது.
லேசரை அணைத்துவிட்டுச்
சாதாரண விளக்கைக் காட்டினேன்.
அதற்கும் ஒன்றரை மடங்கு சொன்னது.

பேசாமல் விட்டிருக்கலாம்.
யாரும் கேட்கவில்லை.
ஆனால் பதம் என்றால் சொல் என்றும் பொருள்;
வேகாத ஒன்றைப் பரிமாறியாயிற்று.

வியாழன் இரவு
கருவி அலமாரியின் பின்னால் மண்டியிட்டேன்.
கேபிள் நுழையும் ஓட்டை.
கன்னத்தில் கத்தியாய் வெளிக்காற்று.
அந்த ஒரு உணரி மட்டும் விறைத்துக் கிடந்தது.
குளிர்ந்தால் இதற்குக் காது கூர்மை;
கிசுகிசுப்பைக் கூச்சல் என்று எழுதிவைக்கும்.
மைனஸ் முப்பத்தேழுதான்
பிளாஸ்மாவுக்கு
ஒன்பதரை லட்சம் டிகிரி கடன் கொடுத்திருக்கிறது.

டார்லீன் ஒகிமாவைக் கேட்டேன்.
"அந்த ஓட்டையில் ஒரு கம்பளித் தொப்பி இருந்ததே.
திங்கட்கிழமை துவைக்க எடுத்துப்போனேன்.
யாருடையதோ, ஆறு வருஷமா அங்கேயே கிடந்தது, பாவம்."
லாவண்டர் வாசனையோடு திரும்பி வந்த தொப்பியைத்
திணித்தேன்.
ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.
விளக்கை விளக்கு என்றே சொன்னது உணரி.

பதிவேட்டில் அழிக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு; அடியில் இருக்கும் பொய்
படிக்கும்படி தெரிய வேண்டும். விதி.
பக்கத்தில் எழுதினேன்:
இருபத்தொன்றரை லட்சம்,
கூட்டல் கழித்தல் இரண்டு.
காரணம் என்ற கட்டத்தில்: தொப்பி.

ஃப்ரீசன் நெடுநேரம் படித்தார்.
மூன்று நாள் பழைய கடைசி டோனட்டைப்
பாதியாய் உடைத்து என் பக்கம் தள்ளினார்,
கல் உடைகிற சத்தம்.
"ஆட்டவாவுக்கு நானே எழுதிக்கொள்கிறேன், செஞ்சுரி."

வெளியே
காரின் மூக்கிலிருந்து மின்கயிற்றைப் பிடுங்கிச் சுருட்டினேன்.
உள்ளே எண் ஒளிர்ந்தது: மைனஸ் நாற்பத்தொன்று.
இருக்கலாம்.
எந்த ஓட்டையிலிருந்து
யார் தொப்பியை எடுத்தார்களோ.